சித்திரமும் எழுத்தும்

படிமம் பற்றிப் பேசும்போதெல்லாம் சீன எழுத்தை உதாரணம் காட்டுவது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. மூலம் எர்னஸ்ட் பெனலோசா. 1878இல் டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப் போன அமெரிக்கர். ஜப்பானிய ஆசிரியர்களிடம் சீனக் கவிதை பயின்றவர். 1908இல் அவர் இறந்தபின் அவருடைய குறிப்புகள் எஸ்ரா பவுண்டின் கைக்கு வந்தன. 1919இல் பவுண்ட் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: சீன எழுத்து ஒரு சித்திரம், ஓசையின் தயவில்லாமல் பொருளைக் கண்ணுக்கே காட்டுகிறது. நான் இதைச் சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டேன்.

சோதித்தவர்கள் விமர்சகர்கள் அல்ல, மூளையை ஆராய்ந்தவர்கள். ஜப்பானியர் ஒரே வாக்கியத்தில் இருவகை எழுத்துகளைப் படிக்கிறார்கள். சீனத்திலிருந்து வந்த காஞ்ஜி சொல்லைக் குறிக்கும். கானா அசையைக் குறிக்கும். மூளையில் சேதம் ஏற்பட்டவரிடம் ஒன்று போய் மற்றது தங்கிவிடுவதுண்டு. பேச்சு பாதிக்கப்பட்ட நோயாளிகளிடம் இவ்விரண்டும் வேறுவேறு விதமாகச் சிதைவதை 1971இல் சுமிகோ சசனுமாவும் ஒசாமு புஜிமுராவும் காட்டினார்கள்.

1977இல் தகேஷி ஹத்தா ஒற்றைக் காஞ்ஜியைக் கணநேரம் காட்டிப் பார்த்தார். பார்வையின் இடப்புறத்தில், அதாவது வலது மூளைக்குப் போகும் புறத்தில், அது நன்றாக அடையாளம் காணப்பட்டது. 'சித்திரம் வலது மூளைக்கு, ஓசை இடது மூளைக்கு' என்ற பங்கீடு பரவியது. பெனலோசாவுக்கு விஞ்ஞானச் சான்று கிடைத்துவிட்டது என்று எனக்குத் திருப்தி.

அது நிலைக்கவில்லை. இரண்டு காஞ்ஜி சேர்ந்த சொற்களைக் காட்டியபோது அனுகூலம் இடது மூளைக்கு மாறியது. நோயாளிகளிடம் கண்டதும் இதுதான்: காஞ்ஜியைப் படிக்கவும் எழுதவும் தடுமாறியவர்களுக்குச் சேதம் இடது மூளையின் பின்புறத்து அடிப்பகுதியில். 1984இல் மகோதோ இவாதா கானாவுக்கு மேலே ஒரு பாதை, காஞ்ஜிக்குக் கீழே ஒரு பாதை என்று முன்வைத்தார். இரண்டும் இடது மூளையில்தான். பின்னால் வந்த மூளைப் படங்கள் இந்தப் பிரிவையும் அவ்வளவு கறாராக விடவில்லை. இருவகை எழுத்தும் இடது மூளையின் அதே அடிப்பகுதியை இயக்குகின்றன.

காரணம் மொழியிலேயே இருக்கிறது. மலையைக் குறிக்கும் காஞ்ஜி தனியே நின்றால் 'யாமா'. பூஜி மலையின் பெயரில் 'சான்'. எது என்று வடிவம் சொல்லாது. சொல் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பார்வை இருந்தும் படிக்க முடியாமல் போன நோயாளி சில சமயம் எழுத்தை விரலால் வரைந்து படித்துவிடுகிறார். நலமாக இருப்பவர்களும் நினைவுக்கு வராத காஞ்ஜியைக் காற்றில் எழுதித் தேடுகிறார்கள். பள்ளியில் வரிசை பிசகாமல் கோடு போட்டுப் பழகிய கை அதை மறப்பதில்லை. பெனலோசா வளர்ந்தபின் வந்து பார்த்தவர். இந்தக் கை அவருக்கு இல்லை.

பவுண்டின் கவிதைகள் இதனால் குறைந்துபோகவில்லை. ஆனால் அந்தப் படிமங்களை அவர்தான் செய்தார். எழுத்து அவருக்குக் கொடுக்கவில்லை. என் பழைய உதாரணத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.