துணியில் பதிந்த நிலம்

கலைப்பொருளைச் சரக்காக மட்டும் காணும் கண்ணுக்குத் துணியிலுள்ள பறவையும் தாழையும் வெறும் அலங்காரமே. வரைந்த மக்களுக்கோ அவை நிலத்தின்மேல் தமக்குள்ள உரிமையின் சான்று. இம்முரண்பாட்டினை வட அவுஸ்திரேலியப் பூர்வகுடிகளின் அச்சுத்துணி வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

டார்வின் நகருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாதர்ஸ்ட் தீவு திவி மக்களின் தாயகம். 1911 முதல் அங்கே கத்தோலிக்க மிஷன் நிலைகொண்டிருந்தது. 1969இல் பீட் துங்குதலம், ஜொவானி திப்புங்வுதி என்னும் இரு இளைஞர், மடலீன் கிளியர் என்ற சித்திர ஆசிரியையின் துணையுடன் ‘திவி டிசைன்ஸ்’ பட்டறையைத் தொடங்கினர். மரக்கட்டையிற் செதுக்கி அச்சிட்ட உருவங்கள் பின்னர்ப் பட்டுத்திரைக்கு மாறின. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மென்வலையில், உருவம் அமையும் இடந்தவிர ஏனைய பகுதியை அடைத்துவிட்டு, ரப்பர் அலகினால் மையை வழித்துத் தள்ளுவர். நிறத்துக்கு ஒரு திரை. நீண்ட மேசையில் விரித்த துணியின்மேற் சட்டத்தைத் தூக்கித் தூக்கி வைத்து, முன் பதிந்ததோடு இம்மியும் பிசகாது பொருத்தவேண்டும். வெறுங் கைவேலைதானே என்போர் ஒருநாள் அச்சட்டத்தைப் பிடித்துப் பார்க்கட்டும்! ‘புக்குமானி’ என்னும் ஈமச்சடங்கில் கம்பங்களிலும் உடலிலும் காவியும் வெண்களியும் கரியும் கொண்டு தீட்டிய கோலங்களே, தீவின் பறவைகளோடு துணிக்கும் வந்தன.

இத்தகைய உருவங்களை எவரும் எடுத்தாளலாமா? பெருநிலப்பரப்பிலுள்ள ஆர்னெம் லாந்து மக்கள் இவ்வினாவை நீதிமன்றுக்கே கொண்டுசென்றனர். கனல்பிங்கு மக்களுள் ஒருவரான ஜோன் புலுன் புலுன் 1978இல் மரப்பட்டையில் தீட்டிய ஓவியம், காட்டு வாத்துகளும் அல்லிகளும் நிறைந்த தம் குலத்தின் மடுவைக் காட்டுவது. நீள்கழுத்து ஆமையான ஆதிமுதல்வன் பூமியினின்று வெளிப்பட்ட இடம் அது. அதனை வரையும் உரிமையும் காக்கும் கடமையும் அவர்களுக்கு வேறுவேறல்ல. அதைப் பிரதிசெய்த துணியை, அனுமதி எதுவுமின்றி, ஒரு நிறுவனம் ஆயிரக்கணக்கான மீற்றரில் இறக்குமதி செய்தது.

வழக்குத் தொடுத்தபின் ஓவியரின் பதிப்புரிமையை நிறுவனம் ஒப்புக்கொண்டது. குலத்தின் உரிமை? வரைந்தவரையே சட்டம் உடைமையாளராக அறியும், குலத்தை அன்று என 1998இல் சமஷ்டி நீதிமன்றம் தீர்த்தது. ஓவியர் தம் குலத்தின் நம்பிக்கைக்குக் கடப்பாடு உடையவர் என்பதை மட்டும் ஏற்றது. அவரே வழக்காடிவிட்டமையால், குலத்தின் சார்பில் ஜோர்ஜ் மில்புருரு கோரியது தள்ளுபடியாயிற்று. நிலத்தைப் பொதுவில் வைத்து வாழும் சமுதாயத்தைத் தனியுடைமையின் அளவுகோலால் அளந்தால் வேறென்ன விளையும்? கூட்டுரிமையை ஏற்கும் சட்டமூலமொன்று 2003இல் வரையப்பட்டது. அது சட்டமாகவில்லை.