வில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த வாத்தியார்



பரிசளிப்பு விழா என்றாலே யார் முதலாவது, யாருக்கு எத்தனை புள்ளி என்ற பேச்சுத்தான் எங்கும். அம்பு விடுகிறவனையும் நாம் அப்படித்தான் எடை போடுகிறோம். குறியில் பட்டதா, கெட்டிக்காரன். படவில்லையா, மக்கு. அவ்வளவுதான்!

ஆனால் ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன்பு, இங்கிலாந்து தேசத்தில் சர் ஹம்ஃப்ரி விங்ஃபீல்ட் என்ற ஒரு பெரிய மனிதர் இருந்தார். வழக்கறிஞர், பின்னாளில் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மக்களவைத் தலைவராகவும் இருந்தவர். தம் வீட்டில் பல பிள்ளைகளை வைத்து வளர்த்துப் படிக்க வைத்தார். லண்டனுக்குப் போய்த் திரும்பும்போது அந்தப் பையன்களுக்கு வில்லும் அம்பும் வாங்கி வருவார். விளையாட்டு நேரத்தில் தாமே அவர்களைத் திடலுக்கு அழைத்துப் போய் எய்யச் சொல்லிப் பார்ப்பார். இருப்பதிலேயே நல்ல வில்லும் நல்ல அம்பும் யாருக்குத் தெரியுமா? மிக அழகாக, சீராக எய்த பையனுக்குத்தான்! கோணல்மாணலாக எய்தவனைக் கூட்டாளிகள், அவன் திருந்துகிறவரை கேலி செய்வார்களாம்.

அந்த வீட்டில் வளர்ந்த பையன்களில் ஒருவர்தான் ரோஜர் ஆஸ்கம். வில்வித்தை பற்றி ஆங்கில மொழியில் முதன்முதலாக நூல் எழுதியவர் அவரே. அவர் ஒரு படைத்தளபதி அல்லர். நம்மைப் போல ஒரு வாத்தியார். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதை அவர் வரலாற்றிலிருந்து நாம் தெரிந்துகொள்ளலாம்.

வில் சட்டமாக இருந்த காலம்

அந்நாளில் இங்கிலாந்துக்கு வில் வெறும் விளையாட்டல்ல, நாட்டின் காவல். 1346-இல் கிரேசி என்ற இடத்திலும், 1415-இல் அஜின்கோர்ட் என்ற இடத்திலும் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்ததில் நெடுவில் பிடித்த சாதாரணக் குடியானவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. குதிரையேறி இரும்புக் கவசம் பூண்டு வந்த பிரபுக்களின் படையை, மண்ணில் கால் ஊன்றி நின்ற உழைப்பாளிகளின் அம்பு மழை நிலைகுலைய வைத்தது.

அப்படிப்பட்ட வில்லாளி ஒரே நாளில் உருவாகிவிடுவானா? மாட்டான். அதனால்தான் மூன்றாம் எட்வர்டு மன்னர் 1363-இல், உடல் வலுவுள்ள ஆண்கள் விடுமுறை நாட்களில் வில் பழக வேண்டும் என்று ஆணையிட்டார். எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் 1541-இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. 7 வயது முதல் 17 வயது வரையுள்ள ஒவ்வோர் ஆண்பிள்ளைக்கும் ஒரு வில்லும் இரண்டு அம்பும் வீட்டில் இருக்க வேண்டும். வாங்கித் தர வேண்டியது பெற்றோர் பொறுப்பு. 24 வயதைத் தாண்டியவர்கள் 220 கெஜத்துக்குக் குறைந்த தூரத்தில் குறி வைத்துப் பழகவே கூடாது என்றும் அதில் இருந்தது. 220 கெஜம் என்றால் இரண்டு காற்பந்துத் திடல்களின் நீளம்!

வயதுக்கேற்ற வில்

சட்டம் போட்டால் போதுமா? வீட்டில் சொல்லித் தர ஆள் வேண்டாமா? ஹியூ லாட்டிமர் என்ற சமயப் போதகர் 1549-இல், ஆறாம் எட்வர்டு மன்னர் முன்னிலையில் பேசியபோது தம் தந்தையை நினைவுகூர்ந்தார். அந்தத் தந்தை பெரிய வீரர் அல்லர். குத்தகை நிலத்தில் பாடுபட்ட ஒரு விவசாயி. அவர் மகனுக்கு இரண்டு காரியங்களைச் செய்தார்.

முதலாவது, மகனின் வயதுக்கும் வலுவுக்கும் ஏற்ற வில்லைத்தான் வாங்கிக் கொடுத்தார். பையன் வளர வளர வில்லும் பெரிதாகிக்கொண்டே வந்தது. இரண்டாவது, கைப்பலத்தால் மட்டும் நாணை இழுக்காமல், உடம்பின் கனம் முழுவதையும் வில்லுக்குள் கொண்டுபோய் இழுக்கப் பழக்கினார்.

இதில் உள்ள அறிவைக் கவனியுங்கள். கைத்தசை சிறியது; சீக்கிரம் களைத்து நடுங்கத் தொடங்கிவிடும். முதுகுத் தசையோ பெரியது. தோள்பட்டை எலும்புகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும்படி முதுகால் இழுத்தால் கை நடுங்காது. இன்றைய பயிற்சியாளர்கள் புதியவருக்குச் சொல்வதும் இதையேதான். பள்ளிக்கூடம் போகாத எத்தனையோ தகப்பன்மார்கள் தொழிலிலேயே படித்த பாடம் இது. நம் தோட்டத்திலும் அப்படித்தானே? புதிதாகப் பால் வெட்டப் போகிற பிள்ளைக்கு முதலில் கத்தி பிடிக்கவும் கால் வைத்து நிற்கவும்தான் பெரியவர்கள் சொல்லித் தருவார்கள். அதைவிட்டு முதல் நாளே வாளி நிறையப் பால் வேண்டும் என்று அவசரப்பட்டால், மரத்தில் காயம்தான் மிஞ்சும்.

கடல் காட்டிய சாட்சி

1545 ஜூலை 19-ஆம் நாள் எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் கடலில் மூழ்கியது. 437 ஆண்டுகள் கழித்து, 1982 அக்டோபர் 11-ஆம் நாள் அதன் உடற்பகுதியை மேலே தூக்கினார்கள். சேற்றில் புதைந்து கிடந்ததால் கெடாமல் இருந்த 137 முழு வில்களும், 3,500-க்கும் மேற்பட்ட அம்புகளும் அதிலிருந்து கிடைத்தன. அந்த வில்களை முழுமையாக இழுக்க 100 முதல் 185 ராத்தல் வரை பலம் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு பெரிய அரிசி மூட்டையைத் தூக்குகிற பலம்!

அக்கப்பலில் இறந்தவர்களின் எலும்புக்கூடுகளையும் ஆராய்ந்தார்கள். சிலருடைய தோள்பட்டை எலும்பின் நுனி, வளர்ந்த ஆளுக்கு ஒட்ட வேண்டியபடி ஒட்டாமலே இருந்தது. இளவயது முதலே கனமான வில்லை இழுத்ததுதான் காரணமாக இருக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. பிள்ளையின் எலும்பு முற்றும் முன்னே பாரத்தை ஏற்றினால், அது உடம்பிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பெற்றோர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

தாய்மொழியில் ஒரு நூல்

கப்பல் மூழ்கிய அதே 1545-ஆம் ஆண்டில்தான் ஆஸ்கமின் 'டாக்ஸோஃபிலஸ்' என்ற நூல் வெளிவந்தது. வில்லை நேசிப்பவன் என்பது அதன் பொருள். வில்லை நேசிக்கும் ஒருவரும், படிப்பை நேசிக்கும் ஒருவரும் உரையாடுவது போல அமைந்த நூல் அது.

ஆஸ்கம் யார்க்‌ஷயர் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். தந்தை ஒரு பிரபு வீட்டில் காரியஸ்தர். மகனோ கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் லத்தீனும் கற்றுத் தேர்ந்து, அங்கேயே ஆசிரியரானார். அந்தக் காலத்தில் படித்தவன் என்றால் லத்தீனில்தான் எழுத வேண்டும். தாய்மொழியில் எழுதினால், "இவனுக்கு வேறு தெரியாதோ?" என்று ஏளனமாகப் பார்ப்பார்கள். லத்தீனில் எழுதுவதுதான் தமக்குச் சுலபம், மதிப்பும் அதற்குத்தான் என்பதை ஆஸ்கமே ஒத்துக்கொள்கிறார். இருந்தும் ஆங்கிலத்தில் எழுதினார். காரணம் என்ன? வில் பிடிக்கப் போகிறவன் உழவனும் தொழிலாளியும். அவனுக்குப் புரியாத மொழியில் எழுதி யாருக்கு லாபம்?

தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பியிருக்கும் பெற்றோர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அரசர் அந்த நூலை மெச்சி ஆண்டுக்கு 10 பவுன் உதவித்தொகை வழங்கினார். பின்னர் 1548-இல், இங்கிலாந்தின் அரசியாகப் பிற்காலத்தில் புகழ்பெற்ற எலிசபெத் இளவரசிக்கு ஆஸ்கம் ஆசிரியராகவும் அமர்ந்தார்.

ஐந்து படிகள்

ஆஸ்கம் செய்த பெரிய காரியம், ஒரு பெரிய வித்தையை ஐந்து சிறிய பாடங்களாகப் பிரித்ததுதான். நிற்பது, அம்பைப் பூட்டுவது, இழுப்பது, நிறுத்துவது, விடுவது. அவர் வகுத்த ஐந்தையும் இன்றைய பயிற்சியோடு சேர்த்துப் பார்ப்போம்.

நிற்பது: குறிக்குப் பக்கவாட்டில் நின்று, கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, இரண்டு காலிலும் சமமாக உடம்பைத் தாங்க வேண்டும். அடித்தளம் ஆடினால் வீடு நிற்குமா?

பூட்டுவது: நாணில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அம்பைப் பொருத்த வேண்டும். சற்று மேலே கீழே போனாலும் அம்பின் போக்கு மாறிவிடும்.

இழுப்பது: முன்பு சொன்னபடி முதுகால் இழுக்க வேண்டும். வில்லைப் பிடிக்கும் கை அதை இறுக்கி நெரிக்கக் கூடாது. நெரித்தால் வில் திருகிக்கொள்ளும்.

நிறுத்துவது: முழுதாக இழுத்தபின் சிறிது நேரம்தான். அதிக நேரம் பிடித்திருந்தால் எய்வதும் கெடும், வில்லும் ஒடியலாம் என்று ஆஸ்கம் எச்சரிக்கிறார்.

விடுவது: நாணைப் பிடுங்கி விடக்கூடாது. விரல்கள் தளர, நாண் தானாக நழுவ வேண்டும்.

இந்த ஐந்தையும் சொன்னவர், புதியவர்கள் செய்யும் சேட்டைகளையும் வேடிக்கையாகப் பட்டியல் போடுகிறார். ஒருவன் குறியைக் கடிக்கப் போகிறவன் போலத் தலையை நீட்டுகிறானாம். ஒருவனுக்குக் கண் பிதுங்குகிறதாம். ஒருவன் உதட்டைக் கடிக்கிறானாம். இன்னொருவன் கழுத்தைக் கோணுகிறானாம். இவற்றுக்கெல்லாம் காரணம் ஆரம்பத்தில் ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம் என்கிறார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நாம் சொல்கிறோமே, அதுதான்.

திட்டாமல் திருத்தும் வழி

சிலர் எய்யும்போது குறியைப் பார்க்காமல் அம்பையே பார்ப்பார்கள். "அங்கே பாரு, இங்கே பாரு" என்று ஆயிரம் தடவை கத்தினாலும் கண் தானாக அம்புக்குப் போய்விடும். இதற்கு ஆஸ்கம் சொன்ன மருந்து என்ன தெரியுமா? இரவு நேரத்தில் போய், தூரத்தில் இரண்டு விளக்குகளை வைத்து அதைக் குறி பார்த்து எய்யச் சொல்கிறார். இருட்டில் அம்பு கண்ணுக்குத் தெரியாது. விளக்கு மட்டும்தான் தெரியும். ஓரிரு முறை செய்தாலே அந்தப் பழக்கம் போய்விடுமாம்!

அடியில்லை, திட்டில்லை. தவறு செய்ய இடமில்லாதபடி பாடத்தை அமைத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். இப்படிப்பட்டவர் பிள்ளைகளை அடித்துப் படிக்க வைப்பதை ஏற்பாரா? 1563-இல் ஈட்டன் பள்ளியில் அடிக்குப் பயந்து மாணவர்கள் ஓடிப்போன செய்தி ஒரு விருந்தில் பேசப்பட்டது. அதைக் கேட்ட ஆஸ்கம், அன்பால்தான் பிள்ளைகளைக் கற்க வைக்க முடியும் என்று வாதாடினார். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததே 'பள்ளி ஆசிரியர்' என்னும் பொருள்படும் அவருடைய மற்றொரு நூல். அவர் 1568-இல் காலமானார். 1570-இல் அவர் மனைவி அதை வெளியிட்டார்.

குருவையும் திருத்திய சீடர்

ஆஸ்கம் சொன்னதெல்லாம் அப்படியே நின்றுவிட்டதா? இல்லை. அவர் நாணைக் காதுவரை இழுக்கச் சொன்னார். 300 ஆண்டுகளுக்குப் பின் ஹோரஸ் ஃபோர்டு என்ற வில்லாளி அதை ஆராய்ந்தார். காதுவரை இழுத்தால் அம்பு கண்ணுக்கு நேர் கீழே இல்லாமல் பக்கத்தில் போய்விடுகிறது. குறி பார்ப்பது தவறுகிறது என்று கண்டார். கண்ணுக்கு நேர் கீழே வரும்படி இழுக்க வேண்டும் என்று 1856-இல் நூல் எழுதினார். 1849 முதல் 1859 வரை தொடர்ந்து 11 ஆண்டுகள் இங்கிலாந்தின் வெற்றிவீரராக விளங்கியவர் அவர். ஐந்து படிகளை அவர் தூக்கி எறியவில்லை. அவற்றோடு குறி பார்த்தலையும் சேர்த்துச் செம்மைப்படுத்தினார். ஆசிரியரை மதிப்பது வேறு, அவர் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பது வேறு. இரண்டும் சேர்ந்தால்தான் கல்வி வளரும்.

ஒலிம்பிக் விளையாட்டில் நீண்ட இடைவெளிக்குப் பின் 1972-இல் மியூனிக் நகரில் வில்வித்தை மீண்டும் இடம் பெற்றது. இன்று 70 மீட்டர் தூரத்தில், 12.2 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத்துக்குள் அம்பு பட்டால்தான் 10 புள்ளி. தென்கொரியாவின் மகளிர் குழு 1988 முதல் 2024 வரை நடந்த பத்து ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றிருக்கிறது. அங்கே பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலேயே வில் பழகத் தொடங்குகிறார்கள்.

பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும்

மாணவச் செல்வங்களே! வில் பழக வாய்ப்பு வந்தால், இழுக்கச் சுலபமான வில்லையே முதலில் கேளுங்கள். மிகக் கிட்டத்தில், வட்டமில்லாத வைக்கோல் கட்டின் மேல் எய்து பழகுங்கள். குறி இல்லாதபோதுதான் மனம் உடம்பைக் கவனிக்கும். ஒரு நாளைக்கு ஒரு தவறை மட்டும் திருத்துங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள், வில் ஒடியும். விளையாட்டுக்குக்கூட ஆளை நோக்கிப் பிடிக்காதீர்கள்.

பெற்றோர்களே! ஒரு பையனின் ஓர் அம்பு நடுவில் பட்டு, மற்றவை நாலா பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. இன்னொரு பையனின் அம்புகள் எல்லாம் ஓரத்தில், ஆனால் ஒரே இடத்தில் கொத்தாக இருக்கின்றன. யார் கெட்டிக்காரன்? இரண்டாமவன்தான்! அவனுடைய முறை சரியாகிவிட்டது. குறியைச் சிறிது மாற்றினால் போதும். முதலாமவனுக்கு வாய்த்தது அதிர்ஷ்டம். புள்ளி அட்டையைப் பார்க்கும்போதும் இப்படியே பாருங்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது உண்மைதான். ஆனால் ஐந்தில் ஒடித்துவிட்டால் பிறகு எதை வளைப்பது?

இன்று மேடையேறிப் பரிசு வாங்குகிற பிள்ளைகளை மனமார வாழ்த்துவோம். மேடையேறாத பிள்ளையின் கையெழுத்து போன ஆண்டைவிடச் சீராகியிருந்தால், அவனையும் அருகில் அழைத்துத் தட்டிக் கொடுப்போம். சர் ஹம்ஃப்ரி விங்ஃபீல்ட் நல்ல வில்லை அப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் கொடுத்தார்.