டாப்சிலிப் தேக்கும் பாம்பன் பாசியும்: கோடு போட்டால் கடல் பிழைக்குமா?

கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறவங்க டாப்சிலிப்புக்கு ஒரு தடவையாவது போயிருப்பீங்க. அந்தப் பேர் எப்படி வந்துச்சு தெரியுமா? ஆனைமலை மேல வெட்டின தேக்கு மரங்களைச் சரிவில் சறுக்கி விட்ட இடம் அது. அவ்வளவுதான்.

சரி, சறுக்கி விட்ட மரம் எங்க போச்சு? கடலுக்கு! பிரிட்டிஷாருக்குக் கப்பல் கட்டத் தேக்கு வேண்டியிருந்தது. 1848-இல் லெப்டினன்ட் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியை ஆனைமலைக் காட்டுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். இங்கே வெட்டிய மரம் பம்பாய் கப்பல் தளத்துக்குப் போனது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காட்டைச் சுற்றிக் கோடு போட்டார்கள். ஆனால் கோடு போட்டதால் மட்டும் தேக்கு திரும்பி வந்துவிடவில்லை.

அதற்கு ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி வர வேண்டியிருந்தது. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்காமல் விட்டு, அது மறுபடி துளிர்க்க வழி செய்தார். கைத்தடியால் குழி போட்டுத் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பாராம். 1933-இல் இறந்தார். கல்லறை டாப்சிலிப் பக்கத்தில், மவுண்ட் ஸ்டூவர்ட்டில் இருக்கு.

இந்தக் கதையை எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா இதுல யாரைக் காணோம்? அந்தக் காட்டிலேயே வாழ்ந்த காடர், மலசர் மக்களை. 1976-இல் ஆனைமலை சரணாலயம் ஆனது. 2007-இல் புலிகள் காப்பகம். 2019 மழையில் வீடிழந்த கல்லார்குடி காடர் குடும்பங்கள், அதே காட்டுக்குள் தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டுப் போராடி, 2021-இல்தான் பெற்றார்கள். காட்டைக் காப்பது என்றால் காட்டு மக்களை வெளியே வைப்பது என்ற எண்ணம் அவ்வளவு பழசு.

அதே எண்ணம் மலையிறங்கிக் கடலுக்கும் போனது. 1986-இல் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர் கடலோடு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. காரணம் நியாயமானது. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறையை வெட்டி அள்ளினார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணிக்குள்ள போயிருச்சு.

ஆனா கடல்ல வேலி கட்ட முடியாதே! தேசியப் பூங்காவுக்கான சட்டம் காட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. பாம்பன் அருகே சின்னப்பாலம் பெண்கள் தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி முங்கி, மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி இறங்குவார்கள். அகார் தயாரிக்க அந்தப் பாசி போகும். ஒரே நாளில் அவர்கள் பிழைப்பு குற்றமானது. கடலடியை வாரும் இழுவை மடிப் படகை நடுக்கடலில் மறிப்பது கஷ்டம். பாசி மூட்டையோடு கரையேறும் பெண்ணை மறிப்பது சுலபம். கோட்டின் பாரம் யார் தலையில் விழுந்தது, பாருங்க.

இங்கதான் திருப்பம். அந்தப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே விதி போட்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்போம். இரும்பால் சுரண்ட மாட்டோம், கையால்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் நாங்களும் இறங்க மாட்டோம். பாசியின் வேரை விட்டால் மறுபடி வளரும். வுட் அடிக்கட்டையை விட்ட அதே கணக்கு! 2015-இல் அவர்களுடைய தலைவி லட்சுமி மூர்த்திக்கு சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. உலகம் பாராட்டியது, பூங்காச் சட்டத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

சட்டம் கொஞ்சம் கற்றுக்கொண்டதா? 2022-இல் பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில், 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுக் காப்பகம் அறிவித்தார்கள். இந்தியாவில் அதுதான் முதல். தேசியப் பூங்கா மாதிரி இல்லாமல், உள்ளூர் மக்களைக் கலந்து பேசி அறிவிக்க வேண்டிய வகை இது. கடற்பசு வலையில் சிக்கினால் முதலில் பார்ப்பது மீனவர்தான். வலையை அறுத்து விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் அவர் கைதான். அந்த நேரம் அங்கே எந்த அதிகாரியும் இருக்கப் போவதில்லை.

அதே 2022 டிசம்பரில், 2030-க்குள் உலகக் கடலில் 30 சதவீதத்தைக் காப்போம் என்று மான்ட்ரியலில் நாடுகள் ஒப்புக்கொண்டன. இனி நிறைய கோடு போடுவாங்க. அதனால அடுத்த தடவை ஒரு காப்பகத்தைப் பற்றிச் செய்தி வந்தா, எத்தனை சதுர கிலோமீட்டர்னு மட்டும் பார்க்காதீங்க. கோடு போடும்போது அங்கே வாழ்றவங்களைக் கேட்டாங்களா? அவங்க போட்ட விதிக்குச் சட்டத்தில் இடம் இருக்கா? பெரிய படகுக்கும் அதே சட்டம்தானா? இந்த மூணையும் கேளுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். டாப்சிலிப் போனா, மவுண்ட் ஸ்டூவர்ட்டையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.