மெடுல்லோபிளாஸ்டோமா

சிறுமூளையில் தோன்றி வேகமாக வளரும் புற்றுநோய்க் கட்டி. பெரும்பாலும் குழந்தைகளுக்கே வரும். பெரியவர்களிடம் மிக அரிது. நான்காம் மூளை அறையை அடைத்து மூளைத் தண்டுவட நீரின் ஓட்டத்தைத் தடுப்பதால், காலையில் தலைவலி, வாந்தி, பிறகு நடையில் தள்ளாட்டம் என வெளிப்படும். வாந்தியை வயிற்றுக் கோளாறாக எண்ணி நாள் கடத்திவிடுவதும் உண்டு.

1925இல் அமெரிக்க மருத்துவர்கள் பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும் இதைத் தனி நோயாக வரையறுத்தனர். நரம்பியல் அறுவையில் குஷிங்குக்கு இணையானவர் அன்று அரிது. ஆயினும் 1930இல் அவர் வெளியிட்ட 61 நோயாளிகளின் கணக்கில் மூன்றாண்டு தாண்டியவர் ஒருவரே. ஏனெனில் புற்றுச் செல்கள் தண்டுவட நீரில் கலந்து முதுகுவரை இறங்கிவிடும். அங்கெல்லாம் கத்தி எட்டாது. கட்டி இருக்கும் இடத்தை அறிவதும் அப்போது எளிதல்ல. மூளை அறைக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. சி.டி. ஸ்கேன் 1971இல்தான் வந்தது. இன்று மூளைக்கும் தண்டுவடத்துக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்து, முதுகில் ஊசியிட்டு நீரையும் சோதிக்கிறார்கள்.

சிகிச்சையில் திருப்பம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நேர்ந்தது. மூளை, தண்டுவடம் இரண்டுக்கும் முழுமையாகக் கதிர்வீச்சு அளித்தால் பாதிக்கு மேற்பட்டோர் மூன்றாண்டு வாழ்வதை 1953இல் ஆய்வாளர்கள் எடித் பேட்டர்சனும் ஃபார்ரும் காட்டினர். இவ்வாறு குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் பலருக்கு உயரம் குன்றியது, ஹார்மோன் சுரப்பு குறைந்தது, படிப்பு பின்தங்கியது. அதன்பின் இந்நோயின் வரலாறு பெரும்பாலும் கதிர்வீச்சைக் குறைக்கும் முயற்சியின் வரலாறுதான். அறுவையில் கட்டி ஏறத்தாழ முழுதும் நீங்கி, நோயும் பரவாத குழந்தைகளுக்கு, 1990களில் மருத்துவர் ரோஜர் பாக்கர் குழுவினர் வின்கிறிஸ்டின், லோமுஸ்டின், சிஸ்பிளாட்டின் மருந்துகளைச் சேர்த்து, மூளை, தண்டுவடக் கதிர்வீச்சின் 36 கிரே அளவை 23.4ஆக இறக்கினர். சிஸ்பிளாட்டின் தன் பங்குக்குச் சிலரின் செவித்திறனைப் பறித்தது. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் கதிர்வீச்சைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முயல்கிறார்கள்.

ஒரே பெயரில் நான்கு வகை நோய்கள் ஒளிந்திருப்பதை 2012இல் வெளியான ஆய்வாளர்களின் ஒருமித்த அறிக்கை உறுதிசெய்தது. அவற்றுள் டபிள்யூ.என்.டி. எனப்படும் வகைக் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். மூன்றாம் பிரிவு எனப்படும் வகை மிகக் கொடியது. எஸ்.எச்.எச். எனப்படும் வகைக்கான விஸ்மோடெகிப் மருந்து, வளரும் பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சியை முன்கூட்டியே நிறுத்திவிடுவதால் தயக்கத்தோடே தரப்படுகிறது.

கதிர்வீச்சைக் குறைப்பதற்கும் எல்லை உண்டு. மூன்று முதல் ஏழு வயதினருக்கு 18 கிரேவாகக் குறைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது: நோய் திரும்புவது கூடியிருந்தது.