மருந்துச் சீட்டும் மருத்துவக் குழுவும்: சேத்துப்பட்டிலிருந்து தாராவி வரை

மருத்துவ வரலாறும் பொதுச் சுகாதாரமும் பயிலும் மாணவர்களை முன்னிறுத்தி எழுதும் நீண்ட குறிப்பு இது. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்விலிருந்து தொடங்குகிறேன். நுரையீரல் மருத்துவர் சரீர் உத்வாடியாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் மும்பை தாராவியில் தொழில் புரிந்த 106 தனியார் மருத்துவர்களை அணுகி, காசநோயாளி ஒருவருக்கு மருந்துச் சீட்டு எழுதித் தருமாறு கேட்டனர். அந்த 106 பேரும் சேர்ந்து எழுதியவை 63 வெவ்வேறு மருந்து முறைகள். முறையான சீட்டு எழுதியவர்கள் 6 பேர் மட்டுமே. இவ்வாய்வுக்கு ஒரு முன்னோடி உண்டு. பம்பாயின் ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் மருத்துவம் பார்த்தவர்களிடையே முகுந்த் உப்லேகரும் டொனால்ட் ஷெப்பர்டும் நடத்திய ஆய்வு 1991இல் வெளியானது. அதில் 100 மருத்துவர்கள் 80 விதமான முறைகளை எழுதியிருந்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் எண்பது என்பது அறுபத்து மூன்றாகக் குறைந்தது என்பதே முன்னேற்றம்.

இந்த எண்களை மருத்துவர்களின் அறியாமைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அவர்களிற் பலர் ஆயுர்வேதம், ஓமியோபதி, யுனானி பயின்றுவிட்டு ஆங்கில மருந்து எழுதுபவர்கள் என்பதும் உடன் சுட்டப்படும். அதில் உண்மை உண்டு. எனினும் இருபது ஆண்டுகள் பயிற்சி வகுப்புகளும் வழிகாட்டு ஏடுகளும் வந்த பின்னும் நிலைமை பெரிதாக மாறவில்லை என்றால், அறியாமை ஒன்றே காரணமாக இருக்க முடியாது. பத்துக்குப் பத்து அடி அறையில் தனியாக அமர்ந்திருக்கும் மருத்துவர், சீட்டு எழுதியதும் நோயாளியை இழந்துவிடுகிறார். அடுத்த மாதம் அவர் வராவிட்டால் தேடிச் செல்ல ஆள் இல்லை. மருந்தை விழுங்கினாரா என்று அறிய வழியில்லை. முன்னர் வேறெவர் என்ன கொடுத்தார் என்று சொல்லும் பதிவேடும் இல்லை. சீட்டின் பிழை கண்ணுக்குத் தெரிந்த பிழை. அதைச் சுற்றி ஒரு குழு இல்லாமற்போனது தெரியாத பிழை. அந்தக் குழு எங்கே தொலைந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

விடையைத் தேட, மும்பையிலிருந்து சென்னைக்கு வரவேண்டும். தாம்பரத்தை அடுத்துச் ‘சானடோரியம்’ என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் இருப்பதை அறிவோம். 1928இல் மருத்துவர் சவுரிமுத்து அங்கு நிறுவிய காசநோய் இல்லம் அப்பெயருக்குக் காரணம். நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு, மாதக்கணக்கில் படுக்கை என்பதே அக்கால மருத்துவம். நாட்டில் நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருக்க, படுக்கைகளோ சில ஆயிரங்களில்தான் இருந்தன. இந்நிலையில் 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஆகிய நான்கும் இணைந்து சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையத்தைத் தொடங்கின. அதன் முதல் ஆண்டுகளை வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். நகரின் நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த நோயாளிகளுள் ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மறுபிரிவினர் தத்தம் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைப் பெற்றனர். 1959இல் முடிவுகள் வெளியாயின. குறைந்த உணவு, குறைந்த ஓய்வு, நெரிசலான வீடு என எல்லாக் குறைகளும் இருந்தும், வீட்டில் சிகிச்சை பெற்றவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய நிகராகக் குணமடைந்தனர். குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதும் தொடர்ந்த கண்காணிப்பில் தெளிவாயிற்று.

உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். ‘படுக்கை தேவையில்லை, மருந்து போதும்’ என்று உலகம் அதை வாசித்தது. என் பார்வையில், வரலாற்றுப் பிழை இந்த வாசிப்பில்தான் தொடங்குகிறது. சேத்துப்பட்டில் வீட்டுக்குச் சென்றது மருந்து மட்டுமன்று. நோயாளி வாராவாரம் மையத்துக்கு வந்து மருந்து பெற்றார். முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்ற பணியாளர்கள் எஞ்சிய மருந்தை எண்ணினர்; மருந்து உட்கொள்ளப்பட்டதா என்றறிய சிறுநீரைச் சேகரித்தனர். நோயாளி வராத நாளில் அவரைத் தேடிச் செல்ல ஆள் இருந்தது. வேலையிழப்பு, குடும்பத் தகராறு, குடிப்பழக்கம் போன்ற இடர்களில் சமூகப் பணியாளர் தலையிட்டார். ஆய்வகம் சளியைத் திரும்பத் திரும்பச் சோதித்தது. மருத்துவர் இவ்வனைவருள் ஒருவர். படுக்கை நீக்கப்பட்டது, படுக்கையைச் சுற்றி இருந்த கவனிப்பு தெருவுக்கு இடம் மாற்றப்பட்டது. ஆய்வின் அட்டவணைகளில் ஐசோனியசிட் என்ற பெயர் இடம்பெற்றது. சுகாதாரப் பார்வையாளரின் நடை எந்த அட்டவணையிலும் இடம்பெறவில்லை.

குழு என்னும் கருத்து இந்தியக் கொள்கை வரைவாளர்களுக்குப் புதிதன்று. 1946இல் சமர்ப்பிக்கப்பட்ட போர் குழு அறிக்கை, 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று வகுத்தபோது, இரண்டு மருத்துவர்களோடு நான்கு பொதுச் சுகாதாரச் செவிலியர், நான்கு மருத்துவச்சியர், பயிற்சி பெற்ற தாய்மார், சுகாதார ஆய்வாளர், மருந்தாளுநர் ஆகியோரையும் சேர்த்தே கணக்கிட்டது. ஆனால் அந்த அமைப்பு கிராமத்தை நோக்கியது. நகரத்துக்குப் பெரிய மருத்துவமனைகள் உண்டு என்பதால் நகர ஏழையின் ஆரம்ப மருத்துவம் எவருடைய பொறுப்பாகவும் ஆகவில்லை. பம்பாயிலும் சென்னையிலும் நகரச் சுகாதார நிலையங்களைப் பரவலாக்கும் திட்டம் உலக வங்கிக் கடனுடன் வந்தபோது ஆண்டு 1988. இடைப்பட்ட நான்கு பத்தாண்டுகளில் திருநெல்வேலியிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்களும் தோல் பதனிடும் தொழிலாளரும் குயவர்களும் தாராவியை நிரப்பிவிட்டனர். அவர்களுக்கு எட்டிய மருத்துவம் தெருமுனைத் தனியார் மருத்துவர்தான். அரசு விட்ட இடத்தில் நின்றவர் அவர் என்பதை அவர் மீதான விமர்சனத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

தாராவியில் வேறொரு பாதையும் இருந்தது. காசநோயைத் தொழுநோயோடு ஒப்பிட்டால் அது புலப்படும். மாட்டுங்காவில் 1890இல் மாநகராட்சி ஆணையர் ஆக்வொர்த்தின் முயற்சியால் வீடற்ற தொழுநோயாளருக்கான புகலிடம் தொடங்கப்பட்டது. அப்போது அதன் நோக்கம் நோயாளரைத் தெருவிலிருந்து அகற்றுவது. வடாலாவில் ஆக்வொர்த் மருத்துவமனையாக அது இன்றும் இருக்கிறது. 1976இல் மருத்துவர் ஆர். கணபதி பம்பாய்த் தொழுநோய்த் திட்டத்தைத் தொடங்கியபோது திசை நேர் எதிராயிற்று. நோயாளரை மதிலுக்குள் கொண்டுவராமல் பணியாளர்கள் தாராவி போன்ற குடியிருப்புகளுக்குள் சென்றனர். மருத்துவப் பட்டம் பெறாத, ஆனால் நன்கு பயிற்சி பெற்ற களப்பணியாளர்களே பள்ளிகளிலும் சந்துகளிலும் தோலில் உணர்ச்சியற்ற தேமலைத் தேடிக் கண்டறிந்தனர். 1980களின் தொடக்கத்தில் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையில், ரிபாம்பிசின் மாதம் ஒருமுறை பணியாளரின் கண்முன்னே விழுங்கப்பட வேண்டும் என்பது விதி.

இங்கு மாணவர்கள் சற்றே நின்று யோசிக்க வேண்டுகிறேன். அதே காலம், அதே சந்துகள், அதே ரிபாம்பிசின். தொழுநோயாளியிடம் அது ஒரு குழுவின் கையிலிருந்து, நாள் குறித்து, பதிவேட்டில் ஏறி வந்து சேர்ந்தது. காசநோயாளியிடம் மருந்துக்கடையின் வழியே, கையில் காசு இருக்கும் வரை வந்து சேர்ந்தது. வேறுபாடு மருந்தில் இல்லை. அது வந்த வழியில் இருந்தது.

அவ்வழியின் விளைவு பின்னர் வெளிப்பட்டது. எல்லா மருந்துகளுக்கும் எதிர்ப்புப் பெற்ற காசநோய் கொண்ட நான்கு நோயாளிகளைப் பற்றி உத்வாடியா குழுவினர் எழுதிய கடிதம் 2012இல் உலகின் கவனத்தை ஈர்த்தது. அந்த நால்வருள் மூவர் பல தனியார் மருத்துவர்களிடம் மாறி மாறிச் சென்று, ஒழுங்கற்ற முறையில் இரண்டாம் நிலை மருந்துகளைப் பெற்றவர்கள். நோய்க்குச் சூட்டப்பட்ட பெயரைப் பற்றி அரசுக்கும் ஆய்வாளர்களுக்கும் வாதம் நடந்தது. அவர்கள் கடந்து வந்த பாதையைப் பற்றிய விவாதம் அந்த அளவுக்கு நடக்கவில்லை. அதே ஆண்டு மே மாதம், தனியார் மருத்துவர்களும் ஒவ்வொரு காசநோயாளியையும் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று ஆணை வந்தது. 2014இல் மும்பையில் தொடங்கிய தனியார் இணைப்புத் திட்டம் வேறு வகையில் முயன்றது. நோயாளி தான் நம்பிய மருத்துவரிடமே தொடரலாம். பரிசோதனைக்கும் மருந்துக்கும் சீட்டு முறையில் ஈடுசெய்யப்படும். தொலைபேசி வழியாகவும் நேரிலும் பணியாளர்கள் பின்தொடர்வர். தனியார் மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை விட்டு, அவருக்கு இல்லாதிருந்த குழுவை அவரைச் சுற்றி அமைத்துப் பார்த்த முயற்சி அது.

2020 ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். சில சதுர கிலோமீட்டரில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும், பெரும்பான்மையோர் பொதுக் கழிப்பறையை நம்பியிருக்கும் இடம் அது. மாநகராட்சியின் ‘ஜி வடக்கு’ வட்ட நிர்வாகம் உள்ளூர்த் தனியார் மருத்துவர்களை அழைத்தது. அவர்கள் மாநகராட்சிப் பணியாளர்களோடு வீடு வீடாகச் சென்றனர். மருத்துவர்கள் வழியே மட்டும் 47,500 பேர் சோதிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. எந்தச் சந்தில் யார் இருக்கிறார், எந்த வீட்டில் முதியவர் இருமுகிறார் என்பதை வழிகாட்டியவர்கள் ‘ஆரோக்கிய சேவிகா’ எனப்படும் தன்னார்வப் பெண் பணியாளர்கள். ஜூலை 10 அன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

வரலாற்று மாணவர் இந்தப் புகழுரையை அப்படியே ஏற்கலாகாது. மாட்டுங்கா, செம்பூர், தஹிசர் ஆகிய மூன்று வட்டங்களில் அதே ஜூலையில் நடத்தப்பட்ட எதிர்ப்பணு ஆய்வு, குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினருக்கு முன்பே தொற்று வந்துபோயிருந்ததைக் காட்டியது. பிற குடியிருப்புகளில் அது 16 விழுக்காடு. தாராவி அந்த ஆய்வில் இடம்பெறவில்லை என்றாலும், அங்கும் தொற்று ‘தடுக்கப்பட்டது’ என்று சொல்லத் தயங்க வேண்டியிருக்கிறது. ஆனால் வேறொன்றை உறுதியாகச் சொல்லலாம். எந்தத் தெருமுனை மருத்துவர்களை ஆய்வுகள் இருமுறை குறைகூறினவோ, அவர்களே பதிவேடும் துணைப் பணியாளரும் கருவிகளும் பரிந்துரை வழியும் கிடைத்தபோது பொதுச் சுகாதாரத்தின் உறுப்பாயினர். அமைப்பு மாறியபோது அதே மனிதர்கள் வேறு விதமாகச் செயல்பட்டனர்.

இவ்வரலாற்றிலிருந்து ஆரம்ப மருத்துவக் குழுவுக்கு நான்கு கூறுகள் இன்றியமையாதவை என்று வகுக்கலாம். முதலாவது, மருத்துவர் செய்யத் தேவையில்லாதவற்றைப் பிறர் பொறுப்பேற்கும் வேலைப் பங்கீடு. இரண்டாவது, அனைவரும் வாசித்து எழுதும் ஒரே பதிவேடு. மூன்றாவது, வராதவரைத் தேடிச் செல்லும், பெயர் குறித்து நியமிக்கப்பட்ட ஒருவர். நான்காவது, ‘இந்த நோயாளிக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று அந்த ஒருவர் சொல்லும்போது மருத்துவர் செவிசாய்க்கும் மரபு. முதல் மூன்றையும் அரசாணையால் உண்டாக்கலாம். நான்காவதற்குப் பணியாளரின் தகுதிநிலை உயர வேண்டும். சந்தை அறிந்த சேவிகா இன்றும் ‘தன்னார்வலர்’. அவர் பெறுவது ஊதியம் எனப்படுவதில்லை, மதிப்பூதியம் எனப்படுகிறது. இதை எதிர்த்து மும்பைச் சேவிகாக்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகின்றனர். சேத்துப்பட்டின் சுகாதாரப் பார்வையாளரை அட்டவணையிலிருந்து விலக்கிய அதே கை, இவரைச் சம்பளப் பட்டியலிலிருந்தும் விலக்குகிறது.

இன்று தாராவி மறுகட்டுமானத்தை எதிர்நோக்கியிருக்கிறது. உள்ளேயே வீடு பெறத் தகுதியற்றோர் எனக் கணிக்கப்படுவோர் நகரின் வேறு பகுதிகளுக்குச் செல்ல நேரும். சாதாரண காசநோய்ச் சிகிச்சைக்கே ஆறு மாதங்கள் வேண்டும். மருந்தெதிர்ப்பு நோய்க்கு இன்னும் கூடலாம். வீட்டுக்கு மாற்றுவீடு தருவதற்கு விதிகள் உள்ளன. இருபது ஆண்டுகளில் ஒரு பெண் தன் நினைவிலும் நோட்டிலும் சேர்த்து வைத்த சந்தின் நோய் வரைபடத்தை எங்கே இடம்பெயர்ப்பது என்பதற்கு எந்த விதியும் என் கண்ணில் படவில்லை.

மும்பையிலுள்ள மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓய்வு பெற்ற, ஓய்வை நெருங்கும் சேவிகாக்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யுங்கள். அவர்களிற் பலரோடு நீங்கள் தமிழிலேயே உரையாடலாம். மருந்துகளின் வரலாறு நூலகங்களில் பத்திரமாக இருக்கிறது. அம்மருந்துகளை வீட்டு வாசல் வரை கொண்டு சேர்த்தவர்களின் வரலாறு, அவர்கள் வாழும் சந்துகள் நிற்கும் வரை மட்டுமே கிடைக்கும்.