கட்டளைக்கும் கைக்கும் இடையே: ‘கேமர்’ திரைப்படத்தின் இறுதிக் காட்சி குறித்து ஒரு விசாரணை

மார்க் நெவெல்டைனும் பிரையன் டெய்லரும் எழுதி இயக்கிய ‘கேமர்’ என்ற அமெரிக்கத் திரைப்படம் 2009-ஆம் ஆண்டில் வெளிவந்தது முதல், அதனைப் பொருட்படுத்தி ஆராய்ந்தவர்களிடையே ஒரு வியாக்கியானம் வேரூன்றி நிற்கிறது. மூளைக்குள்ளேயே யந்திரம் குடிபுகுந்துவிட்ட உலகில் மனிதன் தப்பி ஒதுங்க ஓரிடமும் இல்லை என்பதும், கதாநாயகன் கடைசியில் அடையும் விடுதலை ஆட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டு அவனுக்கு அளிக்கப்பட்ட பரிசேயன்றி அவன் ஈட்டிய சுதந்திரம் அன்று என்பதும் அந்த வியாக்கியானத்தின் சாரம். இதற்குத் தலையாய ஆதாரமாக அவர்கள் எடுத்துக்காட்டுவது, எதிர்நாயகனாகிய கென் காசில் தன் மாளிகையில் பழைய பாட்டொன்றுக்கு வாயசைத்து ஆட, அவன் வசப்பட்ட கைதிகள் அனைவரும் ஒரே உடலின் அவயவங்கள்போல் அவனோடு சேர்ந்து ஆடும் அந்தப் பயங்கர நடனம். அக்காட்சியின் வலிமையை நான் குறைத்துப் பேசவில்லை, மைக்கேல் சி. ஹாலின் நடிப்பில் அது படத்திலேயே மறக்கவொண்ணாத பகுதி. ஆயினும் நடனத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு முடிவை அளக்கப் புகுந்தமையால், அதையடுத்துச் சில நிமிஷங்களுக்குள் நிகழும் கொலையில் உண்மையாக என்ன நடக்கிறது என்பதை அவர்கள் கவனியாது விட்டார்கள் என்பது என் துணிபு.

கதையைத் துறையினர் அறிவர். வாதத்துக்கு வேண்டிய அளவே இங்கு நினைவூட்டுகிறேன். மரண தண்டனை பெற்ற கைதிகள், மூளையின் உயிரணுக்களை நீக்கி அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் நுண்யந்திரங்களின் துணையால், ‘ஸ்லேயர்ஸ்’ என்னும் ஆட்டத்தில் மெய்யான துப்பாக்கிகளோடு இறக்கப்படுகிறார்கள். அவர்களை ஆட்டுவிப்போர் தத்தம் வீட்டில் பத்திரமாக இருக்கிறார்கள். 30 ஆட்டங்களில் உயிர் தப்பியவனுக்கு விடுதலை என்பது விதி. ஜெரார்ட் பட்லர் ஏற்றிருக்கும் ஜான் டில்மன் என்ற கைதியை, களத்தில் ‘கேபிள்’ என்று பெயர்பெற்றவனை, சைமன் என்னும் 17 வயதுச் செல்வச் சிறுவன் இயக்குகிறான். இந்த ஏற்பாட்டில் எல்லோரும் கண்டும் எவரும் போதிய அளவு ஆராயாத நுட்பம் ஒன்று உண்டு. சைமன் அசைந்த அதே கணத்தில் டில்மன் அசைவதில்லை. கட்டளை சென்று சேர்வதற்கு நொடியின் ஒரு சிறு பகுதி கழிகிறது. கணினியில் விளையாடுவோர் ‘பிங்’ என்று வழங்கும் இந்தத் தாமதத்தைப் படம் ஓர் அலங்காரமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடவில்லை. தன்னைத் தன் போக்கில் விட்டுவிடும்படி டில்மன் சைமனிடம் வேண்டுவதும், அந்தத் தளை நீங்கிய ஆட்டத்திலேயே அவன் களத்தை விட்டுத் தப்புவதும் இதை வைத்துத்தான். அவனைக் கொல்வதற்கென்று காசில் ஏவும் ஹேக்மன் என்ற ராட்சசனை எந்த ஆட்டக்காரனும் இயக்குவதில்லை; ஆகவே தாமதமும் அவனுக்கு இல்லை; அதனாலேயே அவன் மற்றவரினும் கொடியவனாகிறான். டெர்ரி க்ரூஸ் ஏற்ற அந்தப் பாத்திரத்தை உடற்பலத்தின் காட்சியாக மட்டும் கண்டவர்கள், படம் தன் பிரமேயத்தை அவன் வாயிலாகவே அறிவித்ததைத் தவறவிட்டார்கள்.

விளையாட்டுகளை ஆக்கும் பொறியியலாளர்க்குத் தாமதம் ஒரு தோஷம்; அதைக் களைவது அல்லது கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பது அவர்கள் தொழில். 1996-இல் ஜான் கார்மாக் வெளியிட்ட ‘குவேக்வேர்ல்ட்’, ஆட்டக்காரன் இட்ட கட்டளையின் விளைவைத் தொலைவிலுள்ள கணினியின் சம்மதத்துக்குக் காத்திராமல் அவன் கணினியே முன்கூட்டிக் கணித்துத் திரையில் காட்டிவிடும் முறையைக் கையாண்டது. அன்று முதல் இன்றுவரை அந்த முறை பலவாறு வளர்ந்தே வருகிறது. இந்த முயற்சிகள் யாவும் எதை நோக்கிச் செல்கின்றன என்று கேட்டால், நினைப்பும் செயலும் ஒன்றாகும் நிலையை நோக்கி என்றே சொல்ல வேண்டும். அந்த நிலையை எய்திவிட்ட ஒருவனைக் கற்பனை செய்து, அவனுக்கு என்ன நேரும் என்று பார்ப்பதுதான் ‘கேமர்’ படத்தின் கடைசிப் பகுதி.

காசில் தன் மூளையிலும் நுண்யந்திரங்களை ஏற்றுக்கொண்டவன். ஆனால் மற்றவர் மூளையில் உள்ளவை கட்டளையை ஏற்பவை, அவனுடையவை கட்டளையை அனுப்புபவை. அவனுக்கும் டில்மனுக்கும் இடையே திரையுமில்லை, ஆட்டக்காரனுமில்லை. டில்மனின் கையில் கத்தி இருக்கிறது, குத்த விரும்புகிறான், காசில் விரும்பாதவரை அந்தக் கை நகராது. அப்போது சைமனின் தொடர்பு மீண்டும் நிறுவப்பட, இரு எஜமானர்களிடையே டில்மனின் உடல் இழுபறிப்படுகிறது. அந்த நிலையில் டில்மன் தன் வலிமையைக் கத்தியில் செலுத்துவதை விடுத்து, காசிலின் மனத்தோடு பேசத் தொடங்குகிறான்: கத்தியைப் பார்க்கச் சொல்கிறான், அது உடலுக்குள் இறங்குவதை எண்ணிப் பார்க்கச் சொல்கிறான். காசில் எண்ணுகிறான். கத்தி இறங்குகிறது.

இதைச் சைமனின் வெற்றியாகப் படிப்போர் உளர்; அவர்கள் கணக்கில் டில்மன் கடைசிக் கணத்திலும் ஒரு சிறுவனின் கைப்பொம்மை. காட்சியின் வெட்டுகள் மிக விரைந்து செல்வதால் அந்த வாசிப்புக்கு இடமே இல்லை என்று நான் அறுதியிட மாட்டேன். ஆனால் சைமனின் கையே காரியத்தை முடித்ததாயின், கத்தியை எண்ணும்படி காசிலிடம் டில்மன் சொல்லும் பேச்சுக்குக் கதையில் வேலையே இல்லை. சைமனின் தலையீடு காசிலின் பிடியைத் தளர்த்தியது என்று கொள்வதும், கத்தியை உள்ளே செலுத்தியது காசிலின் சொந்த நினைப்பே என்று கொள்வதும்தான் அந்தப் பேச்சையும் செயலையும் பொருந்தச் செய்யும் ஒரே வழியாக எனக்குத் தோன்றுகிறது.

இந்த வாசிப்புக்கு உளவியலின் துணையும் உண்டு. குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்று வைத்தியர் சொல்லிவிட்ட பிறகு, மருந்துக் கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம் குரங்கே வந்து நின்ற நோயாளியின் கதையை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். வெள்ளைக் கரடியை எண்ணாதிருக்கும்படி சொல்லப்பட்டவர்கள் அதையே திரும்பத் திரும்ப எண்ணினார்கள் என்று டேனியல் வெக்னரும் அவருடைய சகாக்களும் 1987-இல் பரிசோதனை வாயிலாக நிறுவியது ஏறத்தாழ அதே உண்மையைத்தான். அதற்குக் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு முன்னரே, 1890-இல் வெளிவந்த தம் உளவியல் நூலில், ஓர் அசைவைப் பற்றிய எண்ணம் எழுந்தமாத்திரத்தில் அந்த அசைவு சிறிதளவேனும் உடலில் தொடங்கிவிடுகிறது என்றும், அதைத் தடுக்கும் வேறோர் எண்ணம் குறுக்கிடுவதாலேயே நாம் நினைத்ததையெல்லாம் செய்துவிடாமல் இருக்கிறோம் என்றும் வில்லியம் ஜேம்ஸ் விளக்கியிருக்கிறார். பெஞ்சமின் லிபெட் 1983-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வின்படி, கையை அசைப்பதற்கான மூளையின் ஆயத்தம் நம் விருப்பத்தை நாம் உணர்வதற்கும் முன்பே தொடங்குகிறது. உணர்வுக்கும் அசைவுக்கும் நடுவே எஞ்சும் சுமார் ஐந்தில் ஒரு நொடியில், அந்தச் செயலை வேண்டாமென்று விலக்கும் உரிமை நமக்கு இருக்கிறது என்று அவர் பிற்காலத்தில் வாதித்தார். அவருடைய முடிவுகள் இன்றும் தர்க்கத்துக்கு உட்பட்டவையே. என் வாதம் அவற்றையே ஊன்றி நிற்கவுமில்லை. எண்ணத்தைச் சங்கல்பமாக்குவது இந்த இடைவெளி என்ற ஒன்றை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். பிறருடைய உடல்கள் மீது செலுத்தும் ஆதிக்கத்திலிருந்து இந்த இடைவெளியை அறவே நீக்கிவிட்டவன் காசில். அதனால் விரும்பாத நினைப்பையும் விரும்பிய கட்டளையையும் பிரித்தறிய அவனுடைய யந்திரத்துக்கு வழியில்லை. சைமனுக்குத் தன் மனத்தில் தோன்றியதையெல்லாம் கைக்குக் கடத்தாமல் இருக்க முடிந்தது. காசிலுக்கு முடியவில்லை. ஆதிக்கம் முழுமையடைந்த இடத்திலேயே அது ஆள்பவனின் வசத்திலிருந்து நழுவிவிட்டது.

படத்தின் முற்பகுதியோடு சேர்த்துப் பார்க்கையில் இது மேலும் உறுதிப்படுகிறது. டில்மன் சிறைப்பட்டதற்குக் காரணமான கொலை, காசில் தன் கண்டுபிடிப்பை முதன்முதலில் பரிசோதித்தபோது போர்வீரனான டில்மனின் கையைக் கொண்டு அவனுடைய நண்பனையே சுடவைத்த கொலை. அன்று கர்த்தாவாக இருந்தவன் காசில், கரணமாக இருந்தவன் டில்மன். நீதிமன்றமோ கரணத்துக்குத் தண்டனை விதித்தது. இறுதிக் காட்சியிலும் நினைப்பு காசிலுடையது, கை டில்மனுடையது. அதே சூத்திரம் சிறிதும் மாறாமல் திரும்பி வருகிறது, இலக்கு மட்டும் மாறியிருக்கிறது. முன்பு பிறர் உயிரைப் பறித்த அதே ஏற்பாடு இம்முறை அதை ஏற்படுத்தியவனின் உயிரையே பறிக்கும்படி கதை அமைத்திருப்பதை வசதிக்காகச் செய்த தந்திரம் என்று சொல்வோர்க்கு, முதற்கொலையின் அமைப்பை மீண்டும் ஒருமுறை பார்க்கும்படி சொல்வதைத் தவிர வேறு விடை தேவையில்லை.

கண்டிக்கும் வன்முறையையே கடைவிரித்துக் காட்டுகிறது படம் என்ற ஆட்சேபம் பழையது. அது இப்படத்துக்கு மட்டுமன்று, 1975-இல் வந்த ‘டெத் ரேஸ் 2000’, 2000-இல் வந்த ‘பேட்டில் ரோயல்’ ஆகிய படங்களுக்கும் இதே சொற்களில் சொல்லப்படத்தக்கது. சக்கரக் காலணியில் ஓடியபடி படம்பிடிக்கும் இயக்குநர்களிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது வீண். வாசிப்பு சரியா என்பதற்கும் ரசனை உயர்ந்ததா என்பதற்கும் சம்பந்தமில்லை.

இன்னோர் ஆட்சேபமே சமாதானம் வேண்டி நிற்பது. காசில் இறந்த பிறகு, நுண்யந்திரங்களைச் செயலிழக்கச் செய்யும்படி டில்மன் அவனுடைய தொழில்நுட்பப் பணியாளரைக் கேட்டுக்கொள்கிறான், அவர் இணங்குகிறார், நன்றாக ஆடினாய் என்ற பொருளில், கேபிள் என்ற களப்பெயராலேயே அவனை விளித்துப் பாராட்டுகிறார். விடுதலை ஒரு பணியாளரின் விசையில் இருந்தது, ஆட்டமும் ஆட்டமாகவே முடிந்தது என்பது எதிர்த்தரப்பின் வாதம். அந்தப் பாராட்டில் கசப்பு இருப்பதை ஒப்புக்கொள்கிறேன்; அவ்வுலகத்து மக்கள் திருந்திவிட்டதாகவும் நான் கருதவில்லை. எனினும் நிகழ்ச்சிகளின் வரிசை அவ்வாதத்துக்கு எதிராக இருக்கிறது. விசை அழுத்தப்படும் முன்பே, மூளையில் நுண்யந்திரங்கள் முழு வலிமையோடு இயங்கிக்கொண்டிருந்தபோதே, டில்மன் தன் பேச்சினால் எஜமானனை வென்றுவிட்டான். அவனுடைய கையைக் கைப்பற்றிய யந்திரம் அவன் நாவை விட்டுவைத்திருந்தது. பணியாளர் அளித்தது, ஏற்கெனவே தோற்றுப்போன ஆதிக்கத்தின் எச்சத்தைத் துடைத்த உதவி மட்டுமே.

ஆகவே ‘கேமர்’ ஆதிக்கத்தின் வெற்றியை முரசறையும் படமென்ற தீர்ப்பு நிலைக்காது. இப்படத்தைப் பற்றி இனி எழுதப் புகுவோர் நடனத்திலிருந்து தொடங்காமல், சைமனின் கட்டளை டில்மனைச் சென்றடைய எடுத்துக்கொள்ளும் அந்தச் சிறு தாமதத்திலிருந்து தொடங்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.