மூன்றாவது சாட்சியின் விலை

2011 அக்டோபர் 4 அன்று, குளஸ்டர் என்ற சிறு நிறுவனத்தை ஏறத்தாழ 13 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்குவதாக ரெட் ஹாட் அறிவித்தது. குளஸ்டரின் தலைமையகம் கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் இருந்தது. நிரல் எழுதியவர்களில் பெரும்பாலோர் பெங்களூரில் இருந்தார்கள். பெங்களூரின் மென்பொருள் வரலாற்றை எழுதுகிறவர்கள் இத்தகைய செய்திகளை வரிசையாகக் கோத்துக்கொண்டு போவது வழக்கம். 1985இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தது, பின்னால் இன்னார் வந்தார், இன்னாரை இன்ன விலைக்கு வாங்கினார்கள் என்று கணக்கு நீளும். குளஸ்டர் விஷயத்தில் அந்தக் கணக்கு சொல்வது மிகக் குறைவு. பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாகச் சேர்த்துத் தரும் இந்த மென்பொருள் எங்கே பழுதுபட்டது, எப்படிச் சரிசெய்தார்கள், ஒவ்வொரு அப்கிரேடும் எந்தப் பழுதுக்குப் பதிலாக வந்தது என்று பின்தொடர்ந்தால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. இரண்டு பிரதிகள் முரண்படும்போது எது சரி என்று சொல்ல மூன்றாவதாக ஒருவர் வேண்டும். அவரை வைத்துக்கொள்ளும் செலவைக் குளஸ்டர் தொடக்கத்தில் மிச்சம் பிடித்தது. அந்தப் பாக்கியை அடுத்த பத்தாண்டுகளில் பெங்களூர்ப் பொறியாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டினார்கள் என்பதே இங்கே முன்வைக்கும் வாதம்.

குளஸ்டரை 2005இல் தொடங்கியவர்களில் ஒருவரான ஆனந்த் பாபு பெரியசாமி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அதற்கு முன் அவர் வேலை பார்த்த கலிஃபோர்னியா டிஜிட்டல் நிறுவனம், லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக்காக தண்டர் என்ற சூப்பர் கம்ப்யூட்டரைக் கட்டியது. 4,096 இட்டானியம் பிராசசர்கள் கொண்ட அது 2004 ஜூனில் வெளியான உலகப் பட்டியலில் 2ஆம் இடம் பிடித்தது. கடையில் கிடைக்கும் சர்வர்களைக் கூட்டிக் கட்டினால் கணக்கிடும் வேலை மலிவாகிவிடும் என்பது அப்போதே தெளிவாகியிருந்தது. சேமிப்பு அப்படி மலிவாகவில்லை. ஒன்று, பெரிய நிறுவனங்கள் விற்ற விலையுயர்ந்த பெட்டிகளை வாங்க வேண்டும். அல்லது எந்த ஃபைல் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பதைக் குறித்துவைக்கத் தனியாக ஒரு சர்வரை நிறுத்த வேண்டும். கூகுள் 2003இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விவரித்த அமைப்பில் அந்த வேலையை ஒரே ஒரு 'மாஸ்டர்' செய்தது. சூப்பர் கம்ப்யூட்டர் கூடங்களில் பரவிய லஸ்டரில் மெட்டாடேட்டா சர்வர் செய்தது. அது நின்றால் எல்லாம் நிற்கும். அதைப் பராமரிக்கத் தனித் தேர்ச்சியும் வேண்டும்.

குளஸ்டர் அந்தச் சர்வரையே எடுத்துவிட்டது. ஃபைலின் பெயரை ஒரு சூத்திரத்தில் போட்டு 32 பிட் எண் ஒன்றைக் கணக்கிடுவார்கள். அந்த எண்களின் பரப்பை ஒவ்வொரு டைரக்டரிக்கும் 'பிரிக்'குகளுக்கிடையே பங்குபோட்டு வைத்திருப்பார்கள். பிரிக் என்பது ஒரு சர்வரில் சேமிப்புக்கு ஒதுக்கிய டைரக்டரி. பெயர் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். யாரையும் கேட்க வேண்டாம். ஃபைலின் பெயரை மாற்றினால் சிக்கல், ஏனென்றால் புதுப் பெயரின் எண் வேறு பிரிக்கைக் காட்டும். அதற்காக டேட்டாவை நகர்த்தாமல், புது இடத்தில் உண்மையான இருப்பிடத்தைச் சுட்டும் பூஜ்ய பைட் ஃபைல் ஒன்றை வைத்தார்கள். பிரிக்குக்குள் நுழைந்து 'எல்எஸ் -எல்' அடித்தால் அனுமதி வரியின் கடைசியில் ஒரே ஒரு 'டி' எழுத்துடன் இவை நிற்கும். புதிதாக வேலைக்கு வந்தவர் குப்பை என்று நினைத்து அழித்துவிடக்கூடிய அந்த வெற்று ஃபைல்கள்தான் இல்லாத மெட்டாடேட்டா சர்வரின் வேலையைத் துண்டு துண்டாகச் செய்தன. இந்த எளிமைக்குப் பயன் இருந்தது. லினக்ஸ் ஓடும் எந்த இரண்டு சர்வர்களையும் வைத்துத் தொடங்கிவிடலாம். பண்டோரா என்ற இசை நிறுவனம் அமெரிக்காவில் அதைப் பயன்படுத்தியது. 2001இல் 'லினக்ஸ் பெங்களூர்' என்று தொடங்கி 2005இல் 'ஃபாஸ் டாட் இன்' எனப் பெயர் மாறிய மாநாடு நடந்த ஊரில், இப்படிப்பட்ட நிரலைத் திறந்து படிக்கத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை.

விட்டுவைத்த செலவு முதலில் தலைகாட்டியது பிரதிகளில். பாதுகாப்புக்காக ஒரே ஃபைலை இரண்டு சர்வர்களில் வைக்கிறோம். ஒன்று கீழே போயிருக்கும்போது மற்றது எழுதிக்கொள்கிறது. எழுதியதோடு 'அங்கே பாக்கி இருக்கிறது' என்று ஃபைலின் நீட்டிப்புப் பண்பில் ஒரு குறிப்பும் போட்டுவைக்கிறது. பதினாறடிமான முறையில் அது 24 இலக்கங்கள்: முதல் 8 டேட்டாவுக்கு, அடுத்த 8 மெட்டாடேட்டாவுக்கு, கடைசி 8 டைரக்டரிப் பதிவுகளுக்கு. எல்லாம் பூஜ்யமாக இருந்தால் நலம். ஒரு பக்கத்தில் மட்டும் எண் ஏறியிருந்தால் அந்தப் பிரதியிலிருந்து மற்றதைச் சரிசெய்துகொள்ளலாம். வலையமைப்பு அறுந்து, இரண்டு சர்வர்களும் உயிரோடு இருந்து, தனித்தனியாக எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் எண் ஏறிவிடும். இரண்டும் ஒன்றையொன்று குற்றம் சொல்லும். இதற்குப் பெயர் 'ஸ்ப்ளிட் பிரெய்ன்'. அந்த ஃபைலைத் திறக்கப் போனால் உள்ளீடு/வெளியீட்டுப் பிழை என்ற ஒற்றை வரிதான் வரும். எந்தப் பிரதி சரி என்று மென்பொருளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

இதைச் சரிசெய்யும் முறை வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறியதுதான் குளஸ்டரின் உண்மையான காலவரிசை. தொடக்க ஆண்டுகளில் ஃபைலை யாராவது தொட்டால்தான் பிரதிகள் ஒப்பிடப்படும். ஆகவே ஒரு சர்வர் திரும்பி வந்ததும் 'ஃபைண்ட்', 'ஸ்டாட்' கட்டளைகளைச் சேர்த்து அடித்து, லட்சக்கணக்கான ஃபைல்களை ஒவ்வொன்றாகத் தொடவைப்பார்கள். 2012 மே மாதம் வந்த 3.3 வெர்ஷனில் இந்த வேலையைத் தானாகச் செய்யும் 'செல்ஃப் ஹீல்' டீமன் வந்தது. ஸ்ப்ளிட் பிரெய்ன் மட்டும் மனிதர் கையிலேயே நின்றது. அதே 3.3, ஒவ்வொரு ஃபைலுக்கும் உள்ள அடையாள எண்ணின் பெயரால் பிரிக்குக்குள் ஒரு மறைவு டைரக்டரியில் ஹார்ட் லிங்க் வைத்தது. தவறான பிரதியை அழிப்பவர் அந்த லிங்க்கையும் தேடி அழிக்க வேண்டும். மறந்தால் அழித்த ஃபைல் அழிந்ததாகாது. 2015இல் 3.7 வந்த பிறகுதான் பெரிய ஃபைலை எடு, இந்த பிரிக்கை நம்பு என்று கட்டளையாகவே சொல்ல முடிந்தது. கவனிக்க வேண்டியது, அப்போதும் தீர்ப்பைச் சொன்னவர் மனிதர்தான். கருவி அவர் சொன்னதை நிறைவேற்றியது, அவ்வளவே.

தீர்ப்பை மனிதரிடமிருந்து எடுக்க வேண்டுமானால் பெரும்பான்மை வேண்டும். இரண்டு பேரில் பெரும்பான்மை இல்லை. 'குவோரம்' என்ற விதியைச் சேர்த்தார்கள். பாதிக்கு மேல் பிரதிகளோ, முதல் பிரதி சேர்ந்த சரிபாதியோ கைக்கு எட்டாவிட்டால் எழுத விடாது. இரண்டே பிரதி இருக்கும் இடத்தில் இந்த விதிக்குப் பொருள், முதல் பிரதி போனால் எழுதுவதே நின்றுவிடும் என்பது. அதைத் தவிர்க்க மூன்று பிரதி வைத்தால் டிஸ்க் செலவு ஒன்றரை மடங்கு. இந்த இழுபறிக்கு 3.7இல் வந்த விடைதான் 'ஆர்பிட்டர்'. மூன்றாவது பிரிக் ஒன்று உண்டு. அதில் ஃபைல்களின் பெயரும் மெட்டாடேட்டாவும் மட்டும் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவருக்குச் சொத்தில் பங்கில்லை. வழக்கு வந்தால் மட்டும் அவர் சொல்தான் எடுபடும். ஆர்பிட்டரும் அப்படித்தான். பின்னாள் வெர்ஷன்களில் இரண்டு பிரதியோடு வால்யூம் என்ற சேமிப்புத் தொகுதியை உருவாக்கப் போனால், இதில் ஸ்ப்ளிட் பிரெய்ன் வரும், ஆர்பிட்டரோ மூன்று பிரதியோ வைத்துக்கொள்ளுங்கள், இருந்தும் தொடரவா என்று கட்டளையே நிறுத்திக் கேட்கும். 2005இல் குளஸ்டரின் கவர்ச்சியாக இருந்த 'இரண்டு சர்வர் போதும்' என்பது, குளஸ்டரின் சொந்த எச்சரிக்கையாக மாறியிருந்தது.

அப்கிரேடின் வரலாறும் இதே இழையில்தான் போகிறது. 3.3 வெர்ஷன் முந்தையவற்றோடு பேசாது. எல்லாவற்றையும் நிறுத்தித்தான் மாற்ற வேண்டும் என்று வெளியீட்டோடு சேர்த்தே சொன்னார்கள். 2013 ஜூலையில் வந்த 3.4இல் பிரிக்குகள் பயன்படுத்தும் போர்ட்கள் 24009இலிருந்து 49152க்கு மாறின. ஃபயர்வாலைத் திருத்த மறந்தவர்களுக்கு சர்வர்கள் ஒன்றையொன்று பார்க்கும், பிரிக்குகள் மட்டும் எட்டாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு சர்வராக மாற்றும் வழக்கம் வந்தபின், அதற்கு ஒரு கட்டாய விதி உண்டானது. முதல் சர்வரை மாற்றி எழுப்பிய பிறகு, ஆற வேண்டிய ஃபைல்களின் எண்ணிக்கை பூஜ்யமாகும்வரை அடுத்ததைத் தொடக்கூடாது. அவசரப்பட்டு இரண்டாவதை நிறுத்தினால், அரைகுறையாக ஆறிய பிரதி மட்டும் எழுத்தை வாங்கிக்கொள்ளும்; நாமே ஸ்ப்ளிட் பிரெய்னை வரவழைத்தவர்களாவோம். எல்லா சர்வர்களும் மாறியபின் 'ஆப் வெர்ஷன்' என்ற எண்ணைக் கையால் உயர்த்த வேண்டும். அதன் பிறகுதான் புது வசதிகள் திறக்கும். உயர்த்தியதை இறக்க முடியாது. தொகுப்பில் எல்லோரும் புது மொழி பேசுகிறார்களா என்று தீர்மானிக்கும் பொறுப்பும், இவ்வாறு, வெளியே இருக்கும் மனிதரிடம் வந்து சேர்ந்தது.

எல்லாப் பழுதும் இந்தச் சட்டகத்தில் அடங்குமா என்று ஒருவர் கேட்கலாம். 2012இல் லினக்ஸ் கர்னலில் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் மாற்றப்பட்டதும், குளஸ்டரில் டைரக்டரியைப் பட்டியலிட்டால் முடிவே வராமல் சுற்றிக்கொண்டிருந்தது. ரெட் ஹாட் தன் பழைய கர்னலிலும் அந்த மாற்றத்தைச் சேர்த்ததால், கர்னலை அப்டேட் செய்தவர்கள் பலர் மாட்டிக்கொண்டார்கள். பார்வைக்கு இது வெளியிலிருந்து வந்த பழுது. ஆனால் கர்னல் ஏன் குளஸ்டரைக் கவிழ்த்தது என்று பார்க்க வேண்டும். மையப் பட்டியல் இல்லாததால் ஒரு டைரக்டரியின் உள்ளடக்கத்தை எல்லா பிரிக்குகளிடமும் கேட்டுத் தொகுக்க வேண்டும். எந்த பிரிக்கில் எதுவரை படித்தோம் என்பதை நினைவில் வைக்கவும் இடம் வேண்டும். இஎக்ஸ்டி4 தரும் இடக்குறி எண்ணில் காலியாக இருந்த பிட்களில் பிரிக்கின் எண்ணைத் திணித்திருந்தார்கள். இஎக்ஸ்டி4 அந்த பிட்களையும் தானே எடுத்துக்கொண்டதும் குளஸ்டர் தான் எங்கே நிற்கிறோம் என்பதை மறந்தது. ஆக இதுவும் அதே பாக்கிதான். உள்ளமைவிலும் இதே கதை. 3.1இல் வந்த குளஸ்டர்டி என்ற மேலாண்மை டீமன், தொகுப்பின் முழு விவரத்தையும் ஒவ்வொரு சர்வரிலும் வைத்தது. ஒரு சர்வரின் விவரம் மற்றவற்றோடு பொருந்தாவிட்டால் அதற்கு 'பியர் ரிஜெக்டட்' என்ற நிலை வரும். மருந்து: அதன் அடையாள ஃபைல் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அடுத்தவரிடமிருந்து புதிதாகப் படித்துக்கொள்ளச் சொல்வது. பெரும்பான்மையால் முடிவெடுக்கும் எட்சிடி என்ற சேமிப்பு மென்பொருளின் மேல் இதைத் திரும்பக் கட்டும் முயற்சி, 2018இல் 4.0 வெர்ஷனோடு முன்னோட்டமாக வந்து, பின்னர் கைவிடப்பட்டது.

அப்படியானால் தொடக்கமே பிழைதானே என்பது வலுவான மறுப்பு. வலையமைப்பு அறுந்தால் ஒருமையையும் இடைவிடாத சேவையையும் ஒன்றாகக் காக்க முடியாது என்று எரிக் பிரூவர் 2000இல் சொன்னார். 2002இல் கில்பர்ட்டும் லிஞ்சும் அதை நிரூபித்தார்கள். சேஜ் வைல் உருவாக்கிய செஃப் என்ற சேமிப்பு மென்பொருள், தொகுப்பின் நிலையைப் பெரும்பான்மை வாக்கால் காக்கும் 'மானிட்டர்'களைத் தன் வடிவமைப்பிலேயே வைத்திருந்தது. குளஸ்டருக்கு மட்டும் ஏன் பத்தாண்டு? தேற்றம் விலையைச் சொல்லும். மூன்றாவது சர்வரை வாங்கப் பணம் தராது. இரண்டு சர்வர் வைத்திருந்தவர்களுக்கு உடனே ஓடும் ஒன்றைக் கொடுத்ததால்தான் குளஸ்டர் அவர்களை அடைந்தது. அதோடு, பிரிக்கில் ஃபைல் சாதாரண ஃபைலாகவே இருந்ததால், தொகுப்பு முழுதும் விழுந்தாலும் அந்த டிஸ்க்கிலிருந்து நகலெடுத்துப் பிழைத்துக்கொள்ள முடிந்தது. பழுதைக் கூட்டிய அதே எளிமை பழுதுபார்ப்பையும் சாத்தியமாக்கியது. குளஸ்டரை முடித்துவைத்தது வடிவமைப்பு அல்ல, வணிகம் என்று வாதிடுவோரும் உண்டு. 2014இல் செஃபின் நிறுவனமான இங்க்டாங்க்கை ரெட் ஹாட் 17 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. ரெட் ஹாட் விற்ற குளஸ்டர் சேமிப்புக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31உடன் முடிந்தது. இதில் உண்மை இருக்கிறது. மேகக் கணினிக்கு வேண்டியிருந்த பிளாக், ஆப்ஜெக்ட் வகைச் சேமிப்புக்கு செஃப் பொருத்தமாக இருந்தது. ஆனால் ஒரு பொருள் எப்போது விற்பனையிலிருந்து போனது என்பதை வணிகம் விளக்கும்; அதன் வெர்ஷன்கள் ஏன் அந்த வரிசையில் வந்தன என்பதை விளக்காது.

பெங்களூர் வெறும் கூலிக்கு வேலை செய்தது, யோசனை அமெரிக்காவுடையது என்ற எண்ணம் கடைசியாக எஞ்சுகிறது. குளஸ்டரின் திருத்தப் பதிவேடு திறந்தே கிடக்கிறது. அதில் இந்திய நேரத்தைக் காட்டும் +0530 குறி ஓயாமல் வருகிறது. பிரதி, பகிர்வு, மேலாண்மை ஆகிய முக்கியப் பகுதிகளின் பராமரிப்பாளர்கள் பலர் அந்த நேரத்தில் வாழ்ந்தவர்கள். ஆர்பிட்டர் போன்ற ஒன்றை நூறு ஸ்ப்ளிட் பிரெய்ன்களைக் கையால் அவிழ்த்தவர்கள்தான் அந்த வடிவில் யோசிக்க முடியும். ரெட் ஹாட்டிலிருந்து வெளியேறிய சிலர் குளஸ்டரை அடிப்படையாகக் கொண்டு 'கடலு' என்று கன்னடப் பெயரிட்ட திட்டத்தைத் தொடங்கியது, அந்த அறிவு நிறுவனத்தோடு முடியவில்லை என்பதைக் காட்டுகிறது. பெரியசாமி 2014இல் தொடங்கிய மினியோவிலும் தனி மெட்டாடேட்டா சர்வர் கிடையாது. ஆனால் பல சர்வர்களில் ஓடும்போது, டிரைவ்களில் பெரும்பான்மை ஒப்புக்கொள்ளாமல் அது எதையும் எழுதாது. முதல் அமைப்பில் பழுதுபார்ப்பின் வழியாகத் தாமதமாக நுழைந்த விதி இரண்டாவதில் அடித்தளமாகவே இருக்கிறது. இன்று மேகச் சேவையை வாடகைக்கு எடுப்பவர் இந்தச் செலவைப் பார்ப்பதில்லை. மூன்று கட்டடங்களில் வைத்த பிரதிகளுக்கான விலை மாத பில்லுக்குள் கரைந்திருக்கிறது. அந்த விலை எதற்கு என்று விளக்கும் ஆவணம், ஒவ்வொரு தவணையும் தேதியோடு, குளஸ்டரின் திருத்தப் பதிவேட்டில் இருக்கிறது. பெங்களூரின் மென்பொருள் வரலாற்றை எழுத முனைபவர் வாங்கல் விற்றல் செய்திகளுக்கு முன் திறக்க வேண்டியது அதைத்தான்.